எது மாறாமல் நிற்கிறது: தொகுதி 4 தேர்வின் விகிதக் கணக்குகளில் ஒரு தேர்வரைப் பற்றிய நிகழ்வு ஆய்வு

தமிழ்நாடு அரசுப் பணியாளர் தேர்வாணையத்தின் தொகுதி 4 தேர்வில், அதாவது தேர்வர்கள் குரூப் 4 என்று சொல்லும் தேர்வில், 200 வினாக்களுக்கு 3 மணி நேரம் தரப்படுகிறது. தமிழுக்கு 100 வினாக்களும் பொது அறிவுக்கு 75 வினாக்களும் போக, எஞ்சிய 25 வினாக்கள் திறனறிவுக்கும் மனக்கணக்கு நுண்ணறிவுக்கும் உரியவை. வினா ஒன்றுக்கு ஒன்றரை மதிப்பெண் என்பதால் இந்தப் பகுதியின் மதிப்பு 37.5. மொத்த மதிப்பெண் 300 என்னும்போது இது சிறியதாகத் தோன்றலாம். ஆனால் மொழியிலும் பொது அறிவிலும் ஏறத்தாழச் சமமாகத் தேறிய இருவரைத் தரவரிசையில் தள்ளிவைப்பது பெரும்பாலும் இந்த 25 வினாக்கள்தாம் என்பது பயிற்சி தருபவர் பலரின் கணிப்பு. என் கணிப்பும் அதுவே.

பாடத்திட்டத்தில் விகிதமும் விகிதசமமும் ஒரே வரியில் முடிந்துவிடும் தலைப்பு. எனினும் விழுக்காடு என்பது 100-ஐ அடிப்படையாகக் கொண்ட விகிதமே. தனிவட்டி அசலுக்கும் காலத்துக்கும் நேர் விகிதத்தில் வளர்வது. காலமும் வேலையும் என்ற தலைப்பின் பெரும்பகுதி எதிர் விகிதத்தின் மேல் நிற்கிறது. இரு சதுரங்களின் பக்கங்கள் 2:3 என்றால் அவற்றின் பரப்புகள் 4:9 ஆவதும், இரு கனச்சதுரங்களின் பக்கங்கள் அதே விகிதத்தில் இருந்தால் கனஅளவுகள் 8:27 ஆவதும் இதே சிந்தனையின் நீட்சிதான். ஆகவே விகிதத்தில் தடுமாறுபவர் அந்தத் தலைப்பில் வரும் ஓரிரு வினாக்களை மட்டும் இழப்பதில்லை. பகுதி முழுவதும் அந்தத் தடுமாற்றம் அவரைப் பின்தொடர்கிறது.

இந்த ஆய்வுக்கு உரியவர், வேலைவாய்ப்புத் தேர்வுகளுக்கான ஓர் இலவசப் பயிலும் வட்டத்தில் என்னிடம் கணிதம் கற்க வந்த இளம்பெண். தமிழ் இலக்கியத்தில் பட்டம் பெற்றவர்; பன்னிரண்டாம் வகுப்பில் கலைப் பிரிவை எடுத்ததால் பத்தாம் வகுப்போடு கணிதத்தை விட்டவர். மொழிப் பகுதியில் மிக வலுவானவர். மாதிரித் தேர்வுகளில் கணக்குப் பகுதியை இறுதியில் வைத்துக்கொண்டு, நேரம் தீரும் தறுவாயில் கண்ணில் பட்ட வட்டத்தைக் கறுப்பாக்கிவிட்டு வந்தவர். அவருடைய பெயரையும் ஊரையும் இங்கே தரவில்லை. அவருடைய பிழைகள் எவ்வாறு அமைந்தன என்பதே இந்த ஆய்வின் பொருள்.

முதல் விடைத்தாள்

அவருக்கு முதலில் பாடம் எதையும் நடத்தவில்லை. விகிதம் தொடர்பான கணக்குகள் கொண்ட ஒரு தாளைக் கொடுத்து, எதையும் அழிக்காமல், செய்முறையை ஓரத்தில் விட்டுவிடும்படி மட்டும் கேட்டுக்கொண்டேன். தவறான விடையைவிடத் தவறான விடைக்கு வந்த பாதையே பயிற்சி தருபவருக்கு வேண்டியது. நான்கு விடைகளுள் ஒன்றைத் தேர்ந்தெடுக்கும் தேர்வுகளுக்குப் பழகியவர்கள் அந்தப் பாதையை அழித்துவிடவே பழகியிருக்கிறார்கள்.

தாளில் முதல் கணக்கு, 7,200 ரூபாயை மூவருக்கு 2:3:4 என்ற விகிதத்தில் பிரிப்பது. பங்குகளைக் கூட்டி 9 என்றும், ஒரு பங்கு 800 என்றும் கண்டு, 1,600, 2,400, 3,200 என்று பிழையின்றி எழுதியிருந்தார். அடுத்ததாக, ஒரு பையில் 1 ரூபாய், 2 ரூபாய், 5 ரூபாய் நாணயங்களின் எண்ணிக்கை 4:3:2 என்ற விகிதத்தில் உள்ளது, மொத்தத் தொகை 100 ரூபாய், ஒவ்வொன்றிலும் எத்தனை நாணயங்கள் என்ற கணக்கு. இங்கும் அவர் பங்குகளைக் கூட்டி 9 என்று எழுதி, 100-ஐ 9-ஆல் வகுத்து, மீதி வந்ததும் கோடிட்டு நிறுத்திவிட்டார். முதல் கணக்கில் பங்கிட்டதும் பணம், விகிதம் சொன்னதும் பணம். இரண்டாவதில் விகிதம் சொன்னது எண்ணிக்கை, தரப்பட்டதோ தொகை. 4 ஒரு ரூபாய், 3 இரண்டு ரூபாய், 2 ஐந்து ரூபாய் என்று ஒரு கட்டாகச் சேர்த்தால் அந்தக் கட்டின் மதிப்பு 4 + 6 + 10 = 20 ரூபாய்; 100 ரூபாயில் அத்தகைய 5 கட்டுகள்; ஆகவே 20, 15, 10 நாணயங்கள். அவர் செய்த வகுத்தலில் பிழை இல்லை. எதைப் பங்கிடுகிறோம் என்பதைப் பார்க்காததே பிழை.

மூன்றாவது கணக்கில் அ:ஆ = 2:3 என்றும் இ:ஆ = 5:4 என்றும் தந்து அ:ஆ:இ கேட்டிருந்தேன். பயிற்சிக் காணொளி ஒன்றில் கற்ற ஷார்ட்கட்டின்படி, இரு விகிதங்களையும் ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதி, குறுக்கே கோடிழுத்துப் பெருக்கி 10:15:12 என்று விடை கண்டிருந்தார். இரண்டாம் விகிதம் தலைகீழாகத் தரப்பட்டிருப்பதை அந்தக் கோடுகள் அவருக்குச் சொல்லவில்லை. ஆ:இ = 4:5 என்று திருப்பி எழுதியிருந்தால், இரு விகிதங்களிலும் பொதுவாக உள்ள ஆ-வை 12 ஆக்கி 8:12:15 என்று கண்டிருக்கலாம். ஷார்ட்கட்டுகள் மீது எனக்குப் பகை இல்லை. 54 வினாடிக்கு ஒரு வினா என்ற கணக்கில் ஓடும் தேர்வுக்கு அவை வேண்டும். ஆனால் பொதுவாக உள்ள உறுப்பைச் சமமாக்குகிறோம் என்ற காரணம் தெரியாமல் கோடு மட்டும் தெரிந்தவருக்கு, வினா சற்றே முகம் திருப்பினாலும் வழி தெரியாமல் போகிறது.

அதன்பின் வந்த கணக்குகளே இந்த ஆய்வின் நடுப்பகுதி. 60 லிட்டர் கலவையில் பாலும் தண்ணீரும் 2:1 என்ற விகிதத்தில் உள்ளன. பாலும் தண்ணீரும் 1:2 ஆக வேண்டுமானால் எவ்வளவு தண்ணீர் சேர்க்க வேண்டும்? அவர் 20 லிட்டர் என்று எழுதியிருந்தார். தாயின் வயதும் மகளின் வயதும் இப்போது 3:1. 12 ஆண்டுகளுக்குப் பின் 2:1. இப்போதைய வயது என்ன? எழுதவில்லை. இருவரின் வருமானங்கள் 9:7, செலவுகள் 4:3, ஒவ்வொருவரும் 2,000 ரூபாய் சேமிக்கிறார்கள்; வருமானங்கள் எவ்வளவு? ஓரத்தில் 9 − 4 = 5, 7 − 3 = 4 என்று எழுதி, அதற்குமேல் செல்லவில்லை. 12 பேர் 15 நாட்களில் முடிக்கும் வேலையை 20 பேர் எத்தனை நாட்களில் முடிப்பார்கள்? 25 நாட்கள்.

கூட்டலா, பெருக்கலா

இத்தகைய பிழைகள் இவருக்கு மட்டும் உரியவை அல்ல. இயற்பியலிலிருந்து அறிவியல் கல்விக்கு வந்து, கலிபோர்னியப் பல்கலைக்கழகத்தின் பெர்க்லி வளாகத்தில் பணியாற்றிய ராபர்ட் கார்ப்ளஸ், 1970-ஐ ஒட்டிய ஆண்டுகளில் பள்ளி மாணவர்களிடம் ஓர் எளிய கணக்கைக் கொடுத்துப் பார்த்தார். குட்டையான மனிதர் ஒருவரின் உருவம் பொத்தான்களால் அளந்தால் 4 பொத்தான் உயரம். நெட்டையானவர் 6 பொத்தான் உயரம். அதே குட்டையானவரை ஜெம் கிளிப்புகளால் அளந்தால் 6 கிளிப் உயரம். அப்படியானால் நெட்டையானவர் எத்தனை கிளிப் உயரம்? விடை 9. ஆனால் 8 என்று சொல்லும் மாணவர்கள் எப்போதும் இருந்தனர். பொத்தானில் வேறுபாடு 2, ஆகவே கிளிப்பிலும் வேறுபாடு 2 என்பது அவர்களின் தருக்கம். எத்தனை மடங்கு என்று கேட்க வேண்டிய இடத்தில் எவ்வளவு கூடுதல் என்று கேட்டுவிடுகிறார்கள்.

நம் தேர்வருக்கும் இதே கணக்கைக் கொடுத்தேன். சிறிது தயங்கிய பின் 9 என்று சரியாகவே சொன்னார். ஆகவே பெருக்கல் சிந்தனை அவரிடம் இல்லை என்று சொல்ல முடியாது. வினாவில் ஒரே ஒரு விகிதம் இருந்து, அது இறுதிவரை மாறாமல் இருந்தால் அவர் சரியாகச் செய்கிறார். விகிதமே மாறும் கணக்குகளில், அதாவது முன்பு ஒன்று, பின்பு ஒன்று என்று வரும் கணக்குகளில், தடுமாறுகிறார். வயதுக் கணக்கை ஏன் எழுதவில்லை என்று கேட்டபோது அவர் சொன்ன பதில் என்னை நிமிர்ந்து உட்காரச் செய்தது: “வயசு கூடிக்கிட்டுதானே போகும் சார், அப்புறம் எப்படி 3 வந்து 2 ஆகும்?”

அந்தக் கேள்வியில் அவருடைய சிக்கல் முழுவதும் அடங்கியிருந்தது. 3:1 என்பதில் உள்ள 3-ஐயும், 2:1 என்பதில் உள்ள 2-ஐயும் அவர் ஒரே அளவுகோலால் அளந்த இரு அளவுகளாகப் பார்த்தார். உண்மையில் முதல் விகிதத்தின் ஒரு பங்கும் இரண்டாம் விகிதத்தின் ஒரு பங்கும் வெவ்வேறு அளவுடையவை. வருமானக் கணக்கில் 9-இலிருந்து 4-ஐக் கழித்ததும் இதே காரணத்தால்தான். வருமானத்தின் பங்கிலிருந்து செலவின் பங்கை, இரண்டும் சமம் என்று எண்ணி, நேரடியாகக் கழித்துவிட்டார். பால் கணக்கில் மொத்தத்தை 60 லிட்டராகவே வைத்துக்கொண்டு, புதிய விகிதத்தின்படி பால் 20, தண்ணீர் 40 என்று பிரித்து, தண்ணீர் 20-இலிருந்து 40 ஆனதால் 20 லிட்டர் சேர்க்க வேண்டும் என்று முடித்துவிட்டார். தண்ணீர் சேர்த்தால் மொத்தம் கூடும் என்பது அவருக்குத் தெரியாததல்ல. பால் குறையாது என்பதும் தெரியாததல்ல. ஆனால் கணக்கில் எதை அப்படியே பிடித்துக்கொள்ள வேண்டும் என்று அவர் தன்னைக் கேட்டுக்கொள்ளவில்லை. எதையாவது பிடித்துக்கொண்டால்தான் கணக்கு நகரும் என்பதால், கைக்கு முதலில் அகப்பட்ட 60-ஐப் பிடித்துக்கொண்டார்.

மாறாததைத் தேடுதல்

இதன்பின் பயிற்சி முழுவதையும் ஒரே கேள்வியைச் சுற்றி அமைத்தேன்: இந்தக் கணக்கில் எது மாறாமல் நிற்கிறது? தாளில் எண்களை எழுதும் முன் அந்த விடையைச் சொல்லால் எழுத வேண்டும் என்பது எங்கள் இருவருக்கும் இடையே இருந்த ஒரே விதி. பாலில் தண்ணீர் சேர்த்தால் மாறாமல் நிற்பது பால். ஆண்டுகள் கடந்தால் மாறாமல் நிற்பது இருவர் வயதின் வேறுபாடு. ஒருவர் மற்றவருக்குப் பணம் கொடுத்தால் மாறாமல் நிற்பது இருவரிடமும் உள்ள பணத்தின் மொத்தம். ஆட்கள் கூடிக் குறைந்து வேலை மாறாமல் இருந்தால், நிற்பது ஆட்களையும் நாட்களையும் பெருக்கி வரும் பலன். விலை, எடை போன்ற எளிய கணக்குகளில் மாறாமல் நிற்பது விகிதமே. வினாக்கள் எத்தனை வேடமிட்டு வந்தாலும் பெரும்பாலானவை இந்த ஐந்தில் ஒன்றில் அடங்கிவிடுகின்றன என்பதைப் பழைய வினாத்தாள்களை எடுத்து அவரே வகைப்படுத்திப் பார்த்தபோது, அவருக்குக் கணக்கின் மீதிருந்த அச்சம் கண்கூடாகக் குறைந்தது. இலக்கியம் படித்தவருக்கு, ஒரு வினாவை முதலில் சொல்லால் விளக்குவது பழகிய வேலை. அந்த வலிமையைக் கணக்குக்குக் கொண்டுவர முடியும் என்பதை அவர் அதுவரை எண்ணிப் பார்க்கவில்லை.

அடுத்த படி, மாறாததை இரு விகிதங்களிலும் ஒரே எண்ணாக ஆக்குவது. தாய், மகள் கணக்கில் இப்போது 3:1, வேறுபாடு 2 பங்கு. பின்பு 2:1, வேறுபாடு 1 பங்கு. வயதின் வேறுபாடு மாறாது என்பதால் அந்த 2-உம் இந்த 1-உம் ஒரே அளவைக் குறிக்க வேண்டும். ஆகவே இரண்டாம் விகிதத்தை இரட்டித்து 4:2 என்று எழுதுகிறோம். இப்போது இரு வரிகளிலும் பங்கின் அளவு ஒன்றே. தாய் 3-இலிருந்து 4 ஆகிறார், மகள் 1-இலிருந்து 2 ஆகிறாள். இருவருக்கும் ஒரு பங்கு கூடியிருக்கிறது, அந்த ஒரு பங்கே 12 ஆண்டுகள். தாய்க்கு 36, மகளுக்கு 12. பன்னிரண்டு ஆண்டுகளுக்குப் பின் 48-உம் 24-உம், அதாவது 2:1. 3 எப்படி 2 ஆகும் என்ற கேள்விக்கும் இங்கேயே விடை கிடைத்தது: 3 குறையவில்லை, அது 4 ஆகத்தான் வளர்ந்தது; பங்கு பெரிதாக அளக்கப்பட்டதால் 2 என்று எழுதப்பட்டது.

பால் கணக்கையும் அதே இரு வரிகளில் எழுதச் சொன்னேன். பால்:தண்ணீர் முன்பு 2:1, பின்பு 1:2. மாறாதது பால், ஆகவே இரண்டாம் விகிதம் 2:4. தண்ணீர் 1 பங்கிலிருந்து 4 பங்காகியிருக்கிறது, அதாவது 3 பங்கு சேர்ந்திருக்கிறது. தொடக்கத்தில் 3 பங்கு 60 லிட்டர் என்பதால் சேர்க்க வேண்டியதும் 60 லிட்டர். பணம் கைமாறும் கணக்குக்கு இதைவிடக் குறைவான உழைப்பே வேண்டியிருந்தது. இருவரிடம் 7:3 என்ற விகிதத்தில் பணம் உள்ளது. முதலாமவர் 40 ரூபாய் கொடுத்ததும் 3:2 ஆகிறது. மொத்தம் முன்பு 10 பங்கு, பின்பு 5 பங்கு. இரண்டாவதை 6:4 ஆக்கினால் 7 என்பது 6 ஆகியிருக்கிறது, ஒரு பங்கு 40, ஆகவே 280-உம் 120-உம்.

இயற்கணித முறையில் 3x + 12, x + 12 என்று எழுதி, குறுக்குப் பெருக்கலால் சமன்பாடாக்கித் தீர்ப்பதும் முற்றிலும் சரியான வழிதான். பள்ளிப் பாடநூல் அதையே கற்பிக்கிறது. அதை அவர் கைவிட வேண்டும் என்று நான் சொல்லவில்லை. ஆயினும் பத்தாம் வகுப்புக்குப் பின் சமன்பாட்டைத் தொடாதவருக்கு, இடப்புறம் வலப்புறம் கொண்டுபோகும்போது குறி மாறுவது ஒரு தனிப் பிழைக்களமாக இருந்தது. பங்குகளைச் சமமாக்கும் முறையில் சிறு முழு எண்களே வருகின்றன. பிழை நேர்ந்தால் உடனே கண்ணில் படுகிறது. எண்கள் சரியாக அமையாத கணக்குகளுக்கு x என்ற வழி எப்போதும் திறந்தே இருக்கிறது.

வருமானக் கணக்கு

இந்தக் கணக்கு தனியே நின்று பார்க்கத் தக்கது. எது மாறாமல் நிற்கிறது என்ற கேள்விக்கு இங்கே நேரடியான விடை இல்லை. முன்பு, பின்பு என்ற இரு நிலைகளும் இல்லை. வருமானம் 9:7, செலவு 4:3, சேமிப்பு ஒவ்வொருவருக்கும் 2,000. தேர்வர் நெடுநேரம் தாளைப் பார்த்துக்கொண்டிருந்தார். சேமிப்பு இருவருக்கும் சமம் என்பதை எழுதினார். அதிலிருந்து என்ன கிடைக்கும் என்று கேட்டேன். இருவரும் ஒரே அளவு சேமிக்கிறார்கள் என்றால், ஒருவர் மற்றவரைவிட எவ்வளவு கூடுதலாகச் சம்பாதிக்கிறாரோ அவ்வளவையும் கூடுதலாகச் செலவழிக்கிறார் என்று பொருள். இதை அவரே சொன்னார். வருமானத்தின் வேறுபாடு செலவின் வேறுபாட்டுக்குச் சமம் என்று அவர் எழுதிய அந்த வரி, என் பார்வையில் இந்த நிகழ்வின் திருப்பம். அதன்பின் எல்லாம் எளிது: வருமானத்தில் வேறுபாடு 2 பங்கு, செலவில் 1 பங்கு, செலவை 8:6 ஆக்கினால் பங்குகள் சமம், 9-இலிருந்து 8 போனால் 1 பங்கு, அது 2,000. வருமானங்கள் 18,000-உம் 14,000-உம், செலவுகள் 16,000-உம் 12,000-உம்.

இப்போது 9 − 8 என்று கழித்ததும், முதல் தாளில் 9 − 4 என்று கழித்ததும் தோற்றத்தில் ஒரே செயல்தான். 9 − 4 செல்லாது, 9 − 8 செல்லும் என்பதற்குக் காரணம், 9 − 8 என்பதில் பங்குகள் ஒரே அளவுக்குக் கொண்டுவரப்பட்டுவிட்டன என்பதே. வெவ்வேறு பகுதிகளைக் கொண்ட பின்னங்களைக் கூட்டும் முன் பகுதியைச் சமமாக்குவது போன்ற செயல் இது என்று நான் சொன்னபோது, அவர் முதல் தாளை எடுத்து, தான் எழுதி நிறுத்திய அந்தக் கழித்தலின் பக்கத்தில் “பங்கு வேறு” என்று எழுதிக்கொண்டார்.

எதிர் விகிதம்

ஆள், நாள் கணக்கில் அவர் 12:15 = 20:x என்று அமைத்து 25 என்று கண்டிருந்தார். தரப்பட்ட மூன்று எண்களிலிருந்து நான்காவதைக் காணும் விதி நம் நாட்டில் மிகப் பழமையானது, கி.பி. 499-இல் ஆரியபட்டர் அதைத் திரைராசிகம் என்று விதியாகவே தந்திருக்கிறார். கி.பி. 628-இல் பிரம்மகுப்தர் எதிர்மாறான நிலைக்கு வேறு விதி வகுத்திருக்கிறார். எந்த எண்ணை எதனால் பெருக்குவது என்பதற்கு முன்னால், எந்த விதி பொருந்தும் என்று முடிவு செய்வது தனியான ஒரு படி என்பதை அந்தப் பிரிவு நமக்குக் காட்டுகிறது. நம் தேர்வர் தாண்டிச் சென்றது அந்தப் படியைத்தான். ஆட்கள் கூடினால் நாட்கள் கூடுமா, குறையுமா என்ற கேள்விக்கு அவருக்கு விடை தெரியும். கேட்டதும் சிரித்துக்கொண்டே 25-ஐ அடித்துவிட்டு, 12-ஐயும் 15-ஐயும் பெருக்கி 180 என்று கண்டு, 20-ஆல் வகுத்து 9 என்று எழுதினார்.

ஆயினும் எதிர் விகிதம் என்று பெயர் தெரிந்துவிட்டால் போதாது என்பதை அடுத்த கணக்கு காட்டியது. 40 பேருக்கு 30 நாட்களுக்குப் போதுமான உணவு இருக்கிறது. 10 நாட்கள் கழித்து மேலும் 10 பேர் சேர்கிறார்கள். மீதமுள்ள உணவு இன்னும் எத்தனை நாட்களுக்கு வரும்? அவர் 40-ஐயும் 30-ஐயும் பெருக்கி 50-ஆல் வகுத்து 24 என்றார். பின் 10 நாட்கள் போய்விட்டனவே என்று நினைவுவர, 14 என்று மாற்றினார். இரண்டும் தவறு. வினாத்தாள் அமைப்பவர் இந்த இரண்டையும் விடைகளுள் வைத்திருப்பார் என்று எதிர்பார்க்கலாம். மாறாமல் நிற்பது உணவு. ஆனால் எந்த நேரத்து உணவு? புதியவர்கள் வரும் நாளில் கையிருப்பில் உள்ள உணவு. அது 40 பேருக்கு 20 நாட்கள், அதாவது 800 ஆள்-நாள். 50 பேருக்கு அது 16 நாட்கள். மாறாதது எது என்று கேட்பதோடு, அது எந்தக் கணத்திலிருந்து மாறாமல் நிற்கிறது என்றும் கேட்க வேண்டும் என்று அவர் தம் குறிப்பேட்டில் சேர்த்துக்கொண்டார்.

ஆள், நாள், மணி, பொருள் என்று நான்கும் சேர்ந்து வரும் கூட்டு மாறல் கணக்குகளுக்கு ஒரு பொருளுக்கு ஆகும் உழைப்பைக் காணும் வழியே போதுமானதாக இருந்தது. 6 பேர் நாளொன்றுக்கு 8 மணி நேரம் உழைத்து 10 நாட்களில் 240 பெட்டிகள் செய்தால், செலவானது 480 ஆள்-மணி, ஒரு பெட்டிக்கு 2. 8 பேர் 6 மணி நேரம் உழைத்து 360 பெட்டிகள் செய்ய 720 ஆள்-மணி வேண்டும். நாளொன்றுக்கு 48 என்பதால் 15 நாட்கள். இதில் அவருக்குச் சிக்கல் எழவில்லை.

தேர்வு அறையில்

புரிந்துகொண்ட பின்னும் நேரம் என்ற தனித் தடை இருந்தது. தமிழ் வினாக்களை அவர் 54 வினாடிக்கு மிகக் குறைவாகவே எடுத்து முடித்துவிடுவார் என்பதால், கணக்குக்கு ஒன்றரை நிமிடம் வரை தாராளமாகக் கிடைக்கும். ஆகவே வேகத்தைக் கூட்டுவதைவிட, கணக்குப் பகுதியை இறுதியில் வைக்கும் பழக்கத்தை மாற்றச் சொன்னேன். தமிழை முடித்ததும் கணக்கு. பொது அறிவு கடைசியில். களைத்த மனத்தோடு செய்யக் கூடாதது கணக்கு. பொது அறிவு வினாவோ, தெரிந்தால் உடனே வரும், தெரியாவிட்டால் நேரம் தந்தாலும் வராது.

விடைகளைப் பார்த்து விலக்கும் உத்தியும் விகிதக் கணக்குகளுக்கு மிக நன்றாகப் பொருந்துகிறது. ஒரு வகுப்பில் மாணவர்களும் மாணவியரும் 5:7 என்றால் மொத்தம் 12-இன் மடங்காகவே இருக்க முடியும். 40, 45, 48, 50 என்ற விடைகளுள் வினாவை மேலும் படிக்காமலேயே 48 மட்டும் எஞ்சுகிறது. எல்லா வினாவிலும் இப்படி ஒன்றே எஞ்சும் என்று சொல்ல முடியாது. இரண்டு எஞ்சினால் வினாவில் வைத்துச் சரிபார்க்க அரை நிமிடம் போதும். தவறான விடைக்கு மதிப்பெண் குறைக்கப்படாத தேர்வு இது; விடை தெரியவில்லை என்ற ஐந்தாம் வட்டமும் விடைத்தாளில் உண்டு. இரண்டு விடைகள் வரை விலக்க முடிந்த கணக்கில் அந்த ஐந்தாம் வட்டத்துக்குப் போக வேண்டியதில்லை என்பதில் நான் உறுதியாக இருந்தேன்.

விடையைச் சரிபார்ப்பது நேரத்தை வீணாக்கும் என்று அவர் முதலில் தயங்கினார். பங்கு முறையில் வந்த விடையை மீண்டும் வினாவில் வைத்துப் பார்க்க ஒரு வரி போதும் என்பதால், அந்த ஒரு வரியைக் கட்டாயமாக்கினேன். 48:24 என்று எழுதி 2:1 என்று சுருக்குவதற்கு ஆகும் சில வினாடிகள், பால் கணக்கில் 20 என்று எழுதியவரை அந்த இடத்திலேயே நிறுத்தியிருக்கும்: 40 லிட்டர் பாலும் 40 லிட்டர் தண்ணீரும் 1:1 அல்லவா.

எஞ்சியிருப்பது

இப்போது அவர் வயது, கலவை, பணம் கைமாறுதல், ஆள்-நாள் ஆகிய கணக்குகளை நம்பிக்கையோடு செய்கிறார். மாறாததைச் சொல்லால் எழுதும் வரி சுருங்கி, வினாவில் அந்தச் சொல்லின்கீழ் ஒரு கோடாகிவிட்டது. பங்குகளைச் சமமாக்கும்போது மீச்சிறு பொது மடங்கைக் காண்பதில் இன்னும் சற்று மெதுவாக இருக்கிறார். அதற்குப் பயிற்சியைத் தவிர வேறு மருந்து இல்லை.

அண்மையில் அவருக்குக் கொடுத்த ஒரு கணக்கு இது: 40 லிட்டர் பால் உள்ள பாத்திரத்திலிருந்து 4 லிட்டரை எடுத்துவிட்டு 4 லிட்டர் தண்ணீர் ஊற்றப்படுகிறது, நன்றாகக் கலந்த பின் மீண்டும் 4 லிட்டர் எடுத்து, மீண்டும் 4 லிட்டர் தண்ணீர் ஊற்றப்படுகிறது, பாத்திரத்தில் எஞ்சியுள்ள பால் எவ்வளவு? மாறாதது மொத்தம் 40 லிட்டர் என்று சரியாக எழுதினார். பின் 40 − 4 − 4 = 32 என்று முடித்துவிட்டார். எவ்வளவு கூடுதல், எவ்வளவு குறைவு என்று கேட்கும் பழைய பழக்கம், மொத்தத்தைச் சரியாகக் கண்டுகொண்ட பின்னும் வேறொரு வாசலால் உள்ளே வந்துவிட்டது. இரண்டாம் முறை எடுக்கும் 4 லிட்டர் முழுவதும் பால் அல்ல. அதில் பத்தில் ஒன்பது பங்கே பால், அதாவது 3.6 லிட்டர். ஆகவே 36 − 3.6 = 32.4. ஒவ்வொரு முறையும் மாறாமல் நிற்பது மொத்தம் மட்டுமன்று, எடுத்த பின் எஞ்சும் பால் முன்பிருந்த பாலில் பத்தில் ஒன்பது பங்கு என்ற விகிதமும்தான். மூன்றாம் முறையும் எடுத்தால் என்ன ஆகும் என்று கேட்டேன், 32.4-இலிருந்து 3.24-ஐக் கழித்து 29.16 என்று எழுதினார். அடுத்த வாரம் கூட்டுவட்டியைத் தொடங்கும்போது இதே பெருக்கல் வளர்ச்சியின் பக்கம் திரும்பி வரும் என்பதால், இந்தத் தாளையும் எடுத்துவரச் சொல்லியிருக்கிறேன்.